கைமாற்றுவது வேறு, கைவிடுவது வேறு

கொஞ்ச நாளைக்கு முன்னர் ஸ்காபரோவில் எங்கள் ஊர்ச்சங்கத்தின் ஒன்றுகூடல். சாப்பாட்டு மேசையில் அரசியல் கதை தொடங்கியது. கூடப் படித்த நண்பன் ஒருவன் சொன்னான்: “கனடா வெளிநாட்டு உதவியை வெட்டுதாம். நல்ல வேலை மச்சான். இஞ்ச குடும்ப டொக்டர் இல்லாமல் சனம் அலையுது. வீட்டு வாடகை கட்டேலாமல் நிக்குது. இதுக்குள்ள எங்கட வரிக்காசில ஆரோ ஒருத்தனுக்கு எயிட்ஸ் மருந்தும் ரீபி மருந்தும் என்னத்துக்கு?”

மேசையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த மட்டன் ரோலைத் தின்று முடித்துவிட்டுத் தேத்தண்ணி எடுக்க எழும்பிப் போய்விட்டேன்.

அந்த மௌனம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஏனென்றால், அந்த “ஆரோ ஒருத்தன்” நான்தான்.

1998-இல் இந்த நகரத்துக்கு வந்தேன். அகதிக் கோரிக்கைக்கான மெடிக்கலில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். வலது சுவாசப்பையின் மேற்பக்கத்தில் ஒரு தழும்பு. சில நாட்களில் பொதுச் சுகாதாரத் தாதி ஒருவர் தேடி வந்தார். சளி பரிசோதித்தார்கள். நோய் கிளம்பவில்லை, ஆனால் கிருமி உள்ளே உறங்குகிறது என்றார்கள். ஒன்பது மாதம் தினமும் ஐசோனியசிட் குளிசை, அதோடு ஒரு விற்றமின் பி6. ஒரு சதமும் கேட்கவில்லை. ஹெல்த் காட் இருக்கிறதா, ஆங்கிலம் தெரியுமா என்றுகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மாதமும் மருந்து வந்தது.

அப்போது ஐந்து பெடியள் சேர்ந்து ஒரு பேஸ்மென்டில் இருந்தோம். அவர்களுக்குத் தெரிந்தால் கோப்பையைக்கூடத் தனியாக வைப்பார்கள் என்ற பயம். அதனால் ஐசோனியசிட்டையும் பி6 போத்தலுக்குள் போட்டு வைத்தேன். “என்னடா, விற்றமின் போடுறாய்?” என்று பகிடி பண்ணுவார்கள். இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. இதை வாசித்தால் இப்போது தெரிந்துகொள்வார்கள். அன்று தலையாட்டியவர்களில் இருவர் அவர்கள்தான்.

அந்தத் தழும்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 90-களின் தொடக்கத்தில் பாதை பூட்டியிருந்த காலத்தில், பங்கருக்குள் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் படுத்தவன் நான். அவருக்குக் கசம். மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில் இருமல் குறைந்து, உடம்பும் கொஞ்சம் தேறியது. பிறகு மருந்து வரவில்லை. வந்தபோது ஒரு கிழமைக்கு வந்தது, அடுத்த மாதம் இல்லை. 1994-இல் செத்துப்போனார். வீட்டில் இன்றைக்கும் “நெஞ்சு வருத்தம்” என்றுதான் சொல்லுவோம்.

ஒரே கிருமிதான். எனக்கு மருந்து ஒரு நாளும் நிற்கவில்லை. அவருக்கு நின்றது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அவ்வளவுதான்.

என்ன நடந்தது?

2025 ஜனவரி 20-ஆம் திகதி, பதவியேற்ற அன்றே, அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தி வைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். “வேலையை நிறுத்து” என்ற அறிவித்தல் உலகம் முழுக்கப் போனது. ஜூலை 1-ஆம் திகதி யூ.எஸ்.எயிட் என்ற நிறுவனமே மூடப்பட்டு, மிச்சமிருந்தவை வெளியுறவுத் திணைக்களத்துக்குள் போயின. 2003-இல் ஜோர்ஜ் புஷ் தொடங்கிய ‘பெப்பார்’ என்ற எயிட்ஸ் நிவாரணத் திட்டம் 2.5 கோடி உயிர்களைக் காத்ததாகச் சொல்லப்படுவது. அந்தத் திட்டத்தின் உயிர்காக்கும் மருந்துகளுக்கு விலக்கு உண்டு என்று பிறகு சொன்னார்கள். ஆனால் மருந்தைக் கொடுக்கிற தாதிக்குச் சம்பளம் இல்லை, இரத்த மாதிரியைக் கொண்டுபோகிறவனுக்கு மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை. மருந்து களஞ்சியத்தில் இருந்தும் நோயாளியிடம் போய்ச் சேரவில்லை.

பிரித்தானியாவும் பின்னால் வந்தது. தேசிய வருமானத்தில் 0.5 வீதமாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 ஆக்குவோம் என்றார் பிரதமர் ஸ்டார்மர். எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான குளோபல் பண்ட் 18 பில்லியன் அமெரிக்க டொலர் கேட்டு, 2025 நவம்பர் 21 அன்று ஜொஹானஸ்பேர்க்கில் சேர்ந்தது 11.34 பில்லியன். மூன்று வருடங்களுக்கு முன்னர் அதே நிதிக்கு 15.7 பில்லியன் சேர்ந்திருந்தது.

இந்த எண்கள் யாரைத் தொடுகின்றன? உலகில் 4 கோடிக்கு மேற்பட்டோர் எச்.ஐ.வியோடு வாழ்கிறார்கள். அதில் 3 கோடியே 16 இலட்சம் பேர் மருந்து எடுக்கிறார்கள். தினமும் மருந்து எடுத்து வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவர், உடலுறவு மூலம் மற்றவருக்கு அதைக் கடத்தமாட்டார். மருந்து நின்றால் சில கிழமைகளில் வைரஸ் திரும்பி வரும். காசநோயால் 2024-இல் மட்டும் 12 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தார்கள். தொற்றுநோய்களில் அதிகம் பேரைக் கொல்வது இதுதான். எச்.ஐ.வி உள்ளவர்களை அதிகம் கொல்வதும் இதுதான். அமெரிக்காவின் எச்.ஐ.வி உதவி நிரந்தரமாக நின்று, அந்த இடத்தை வேறு யாரும் நிரப்பாவிட்டால், 2029-க்குள் மேலதிகமாக 40 இலட்சம் பேர் இறப்பார்கள் என்று ஐ.நா.வின் எயிட்ஸ் அமைப்பு கணித்தது.

நண்பன் சொன்னதில் உள்ள நியாயம்

“பிச்சை எடுத்து எத்தனை நாளைக்கு?” என்பதும் அன்று அந்த மேசையில் வந்த கேள்விதான். அதை நான் தள்ளிவிட மாட்டேன். தன் மக்களின் மருந்துக்கு இன்னொரு நாட்டுத் தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிற அரசாங்கம் அரசாங்கமே இல்லை. தென்னாபிரிக்கா தன் எயிட்ஸ் திட்டத்தின் பெரும்பங்கைத் தானே செலவழிக்கிறது. அமெரிக்கப் பங்கு ஏறத்தாழ 17 வீதம்தான். நைஜீரியா, வெட்டு வந்த அடுத்த மாதமே தன் சுகாதார வரவு செலவுத் திட்டத்தில் 200 மில்லியன் டொலர் கூட்டியது. இவையெல்லாம் நடக்க வேண்டியவைதான்.

ஆனால் பொறுப்பைக் கைமாற்றுவது வேறு, கைவிடுவது வேறு. இந்த வித்தியாசத்தைத் தமிழர்களுக்கு விளங்கப்படுத்த ஆபிரிக்கா வரை போகத் தேவையில்லை. தமிழ்நாட்டைப் பார்த்தால் போதும்.

1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் அதைச் செய்தார்கள். “எங்கட நாட்டில உந்த வருத்தம் வராது” என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். 1994-இல் மாநில எயிட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. அடுத்த வருடம், அடையாறு வி.எச்.எஸ் மருத்துவமனையின் ஊடாக யூ.எஸ்.எயிட் பணத்தில் ‘அபாக்’ என்ற தடுப்புத் திட்டம் தொடங்கியது. லொறி ஓட்டுநர்களிடம் போய் ஆணுறை பற்றிப் பேசியதும், பாலியல் தொழிலாளர்களோடு வேலை செய்ததும் இந்தத் திட்டம். அரசு அதிகாரி போய்ச் செய்யக் கூச்சப்படுகிற வேலையை அந்தப் பணம் செய்தது.

ஆனால் அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2001-இல் மும்பையின் சிப்லா நிறுவனம், வருடத்துக்கு 10,000 டொலருக்கு மேல் விற்ற மருந்துக் கலவையை 350 டொலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இலவச எச்.ஐ.வி மருந்து கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 1928-இல் சவுரிமுத்து என்ற தமிழ் மருத்துவர் காசநோயாளருக்காக ஏற்படுத்திய சானடோரியம் அது. ஐந்தாவது தேசியத் திட்டத்துக்கு ஒதுக்கிய 15,471 கோடி ரூபாவும் இந்திய மத்திய அரசின் பணம்.

அதாவது, வெளிநாட்டுப் பணத்திலிருந்து சொந்தப் பணத்துக்கு மாற இருபது வருடங்களுக்கு மேல் எடுத்தது. அந்த இருபது வருடத்தில் ஒருநாள்கூட “நாளைக்குக் கிளினிக் பூட்டு” என்று யாரும் சொல்லவில்லை. கைமாற்றுவது என்றால் அதுதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் மின்னஞ்சல் அனுப்பித் திங்கட்கிழமை பூட்டுவதை அப்படிச் சொல்லமுடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்று, காசநோயாளரைச் சானடோரியத்தில் அடைத்து வைக்கத் தேவையில்லை, வீட்டில் இருந்தபடியே மருந்து எடுத்தாலும் அதே பலன்தான், வீட்டாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை என்று நிரூபித்தது. இந்திய அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை மூன்றும் சேர்ந்து செய்த ஆய்வு அது. பணம் பல இடங்களிலிருந்து வந்தது. மருந்தை விழுங்கியவர்கள் சென்னையின் குடிசைகளில் இருந்த ஏழைத் தமிழர்கள். அவர்கள் தந்த பதிலால்தான் உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டன. 1904-இல் காசநோய் வந்த ஏழைகளுக்கென்று ரொறன்ரோவின் வெஸ்டனில் திறந்த வெஸ்ட் பார்க் மருத்துவமனை, இன்று வேறு பல சிகிச்சைகளும் செய்கிற இடமாக மாறியிருக்கிறது. நான் பேஸ்மென்டில் இருந்து குளிசை போட முடிந்ததும் அந்தச் சென்னை ஏழைகளின் புண்ணியத்தால்தான். இதில் யார் யாருக்கு உதவி செய்தது?

ஊரில்

இலங்கை இதில் நடுவில் நிற்கிறது. இலவச மருத்துவம் உள்ள நாடு. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்ததாக 2019 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு அந்த நாட்டுக்குச் சான்றிதழ் கொடுத்தது. அரசாங்கத்தில் எனக்கு ஆயிரம் கோபம் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழை வாங்கியது கிராமம் கிராமமாகப் போன குடும்பநலத் தாதிமார். அவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

காசநோயில் கதை அவ்வளவு நல்லதில்லை. வருடத்துக்கு ஏறத்தாழ 14,000 பேருக்கு வருகிறது என்று மதிப்பிடுகிறார்கள். கண்டறியப்படுவது 9,000 பேரளவில்தான். மிச்சப் பேர் இருமிக்கொண்டு பஸ்ஸில் போகிறார்கள், தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார்கள், கடலுக்குப் போகிறார்கள். சிகிச்சை எடுக்காத ஒருவர் ஒரு வருடத்தில் ஐந்திலிருந்து பதினைந்து பேருக்குத் தொற்ற வைக்கலாம்.

அங்கே வைத்தியர் சம்பளமும் வார்ட்டும் அரசாங்கச் செலவு. ஆனால் வைத்தியசாலைக்கு வராதவனைத் தேடிப் போகிற வேலை, சில மணித்தியாலத்தில் விடை சொல்கிற ஜீன்எக்ஸ்பேர்ட் கருவி, ஒதுக்கப்பட்டவர்களோடு பேசுகிற தொண்டு நிறுவனங்கள் என்பவற்றில் குளோபல் பண்ட் காசு கலந்திருக்கிறது. வெட்டு வரும்போது முதலில் விழுவது இந்தத் தேடிப் போகிற வேலைதான். கட்டடம் அப்படியே நிற்கும், பலகையும் தொங்கும். நோயாளி மட்டும் வரமாட்டான். கணக்கில் “நோய் குறைந்துவிட்டது” என்று காட்டும். இதைவிட ஆபத்தான ஏமாற்று வேறு இல்லை.

2022 பொருளாதார நெருக்கடியில் ஊரில் பனடோலுக்கே அலைந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். சர்வதேச நாணய நிதியத்தின் கயிறு இன்னும் கழுத்தில் இருக்கிறது. அதற்கு மேல் சென்ற நவம்பர் இறுதியில் டித்வா புயல். இப்படிப்பட்ட நாட்டிடம் “உன்ர வருத்தத்தை நீயே பார்” என்று ஒரே இரவில் சொன்னால், எதை வெட்டுவார்கள்? வாக்குப் போடச் சக்தியற்றவனின், வெளியில் சொல்ல வெட்கப்படுகிறவனின் மருந்தைத்தான்.

கனடாவின் கணக்கு

பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 வீதத்தை உதவியாகக் கொடுக்க வேண்டும் என்று 1969-இல் சொன்ன ஆணைக்குழுவின் தலைவர் யார் தெரியுமா? எங்கள் விமான நிலையத்துக்குப் பெயர் கொடுத்த லெஸ்டர் பியர்சன்தான். நாங்கள் எல்லோரும் வந்து இறங்கிய இடம். கனடா அந்த இலக்கை ஒருநாளும் தொட்டதில்லை. இப்போதும் அதில் பாதியளவில்தான் நிற்கிறது.

2006 ஓகஸ்டில் சர்வதேச எயிட்ஸ் மாநாடு இதே ரொறன்ரோவில் நடந்தது. அப்போதைய பிரதமர் ஹார்ப்பர் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது லிபரல் அரசாங்கம். தேர்தலில் வெளிநாட்டு உதவியை வெட்டமாட்டோம் என்றவர்கள், 2025 நவம்பர் 4 வரவு செலவுத் திட்டத்தில் நான்கு வருடத்தில் 2.7 பில்லியன் டொலர் குறைப்பதாக அறிவித்தார்கள். உலகச் சுகாதாரத்தைத்தான் குறிப்பாகச் சொன்னார்கள். குளோபல் பண்டுக்குச் சென்ற முறை 1.21 பில்லியன் கனேடிய டொலர் கொடுத்த கனடா, இந்த முறை 1.02 பில்லியன் என்றது. அமெரிக்கா மாதிரிக் கதவை அடித்துப் பூட்டவில்லை, உண்மைதான். ஆனால் மற்றவர்கள் ஓடுகிற நேரத்தில் ஒரு அடி பின்னால் வைப்பதும் ஓட்டம்தான்.

“இங்கேயே சனம் கஷ்டப்படுகுது” என்ற நண்பனின் கோபம் பொய் இல்லை. ஆனால் இங்கேயும் காசநோய் இருக்கிறது. ரொறன்ரோவில் காசநோய் வருகிறவர்களில் பெரும்பான்மையோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். எங்களைப் போன்றவர்கள், சொந்த பந்தத்தைப் பார்க்க ஊருக்குப் போய் வருகிறவர்கள். அதனால்தான் ஒன்ராறியோ, காப்புறுதி இல்லாதவருக்கும் காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாகக் கொடுக்கிறது. தர்மத்துக்காக மட்டும் இல்லை, கிருமி விசா கேட்பதில்லை என்று தெரிந்ததால். அதே அறிவு எல்லையில் நின்றுவிடக்கூடாது.

வடக்கே இனுவிட் மக்களைப் பாருங்கள். 1950-களில் சி.டி. ஹவ் என்ற கப்பலில் அவர்களைப் படம் எடுத்து, காசநோய் இருந்தவர்களை ஊருக்கு இறங்கவும் விடாமல் ஹமில்டன் போன்ற இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவில்லை, புதைத்த இடம்கூட வீட்டாருக்குத் தெரியாது. 2019-இல்தான் ஒரு பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அங்கே இன்னும் காசநோய் இருக்கிறது. வெளிநாட்டுக்குக் கொடுத்ததால் அவர்களுக்குக் குறையவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே மனப்பாங்குதான்: “அவையள்தானே.”

நாங்கள் என்ன செய்யலாம்?

முதலாவது, கேளுங்கள். ஒட்டாவாவில் எங்கள் சமூகத்துப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். வெளிவிவகார அமைச்சர் அனிதா ஆனந்தின் தகப்பன் வழியே தமிழ்நாடுதான். பொங்கல் விழாவில் சேர்ந்து படம் எடுப்பதோடு நிறுத்தாமல், “குளோபல் பண்டுக்கு ஏன் குறைத்தீர்கள், எப்போது திரும்பக் கூட்டுவீர்கள்?” என்று கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் ஒரு அலுவலகம் குறித்து வைக்கும்.

இரண்டாவது, எங்கள் காசு. ஊருக்குக் கொடுப்பதில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் கல்வெட்டுப் பதிக்கக்கூடியவற்றுக்குத்தான் கொடுக்கிறோம். கட்டடம், கருவி, வளைவு. இந்தியாவின் ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று, காசநோயாளரின் வீட்டாருக்கு மாதாமாதம் உலர் உணவு கொடுத்தால் அவர்களுக்கு அந்த நோய் வருவது ஏறத்தாழ 40 வீதம் குறைகிறது என்று காட்டியது. அரிசியும் பருப்பும்தான் மருந்து! தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ பெரிய இயந்திரம் ஒன்றும் வாங்கவில்லை. நிறை மிகக் குறைந்தவர், மூச்சு வாங்குகிறவர், துணையின்றி எழும்ப முடியாதவர் என்று முதல் நாளே பிரித்தெடுத்து வைத்தியசாலையில் சேர்க்கிறார்கள். இறப்பு குறைந்தது.

ஒரு ஊர்ச்சங்கம், மாவட்ட மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தின் ஊடாக, ஆறு மாதச் சிகிச்சைக் காலம் முழுக்க ஒரு குடும்பத்துக்கு உணவுப் பொதியும் பஸ் காசும் கொடுக்கலாம். அரசாங்கத்துக்குப் பதிலாக இல்லை, அரசாங்கச் சேவை நின்றுவிடாமல் இருக்க. ஒரே நிபந்தனை: படம் எடுக்கக்கூடாது. பெயர் கேட்கக்கூடாது. பொதியைக் கையில் கொடுத்துக் கமராவைப் பார்க்கச் சொன்னால், அடுத்த மாதம் அந்த நோயாளி வரமாட்டார். வராவிட்டால் மருந்தும் நிற்கும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. வாய் திறப்பது. 1989-இல் ரொறன்ரோவில் தெற்காசியருக்கான எயிட்ஸ் தடுப்பு அமைப்பான ‘அசாப்’ தொடங்கப்பட்டது, எங்கள் மொழிகளில் இதைப் பேச ஆள் இல்லாததால். முப்பத்தைந்து வருடம் தாண்டியும் எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லைச் சொன்னால் ரீவீ சத்தத்தைக் கூட்டுகிறோம். மரண அறிவித்தல்களில் எத்தனை “சிறிது கால சுகவீனம்”! நாங்கள் மறைக்கிற வருத்தத்துக்கு எந்த அரசாங்கமும் காசு ஒதுக்காது. சத்தம் போட ஆள் இல்லாத இடத்தில்தான் கத்தரிக்கோல் முதலில் போகும்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் தாதிகள், வைத்தியர்கள், மருந்தாளர்கள். அடுத்த முறை அப்பாவோ மாமாவோ “எங்கட காசு என்னத்துக்கு?” என்று கேட்டால் சண்டை பிடிக்காதீர்கள். “உங்கட முதல் மெடிக்கல்ல என்ன சொன்னவை?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் ஒரு பழைய கதை வெளியே வரும்.

நானும் அந்த நண்பனுக்குப் போன வெள்ளிக்கிழமை ரெலிபோன் எடுத்தேன். பி6 போத்தலின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு, “எனக்கும் 92-ல தந்தவங்கள் மச்சான். ஆறு மாதம். மனிசிக்குக்கூடச் சொல்லேல்லை” என்றான்.

அடுத்த ஒன்றுகூடலில் உணவுப் பொதித் திட்டத்தை இருவரும் சேர்ந்து முன்வைப்பதாக முடிவு செய்திருக்கிறோம். முதல் ஆறு மாதக் காசை அவன் தருகிறானாம். பெயர் போடத் தேவையில்லையாம்.